வெளியாள் மேற்கோள்

என் கணவருக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. சைட்டேஷன் பைத்தியம் மட்டும் இருந்தது. தாம்பரத்தில் ஒரே கல்லூரியில், ஒரே வேதியியல் துறையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. மேடவாக்கம் ஜங்ஷனில் தண்ணி லாரிக்குப் பின்னால் வண்டி நின்றால் போதும், மனுஷன் போனை எடுத்துவிடுவார். தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை உலகத்தில் யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் முதுகில் ஒன்று வைத்து, பச்சை விழுந்தாச்சு, கிளம்புங்க என்பேன்.

அவர் துரத்திய எண் பதினைந்து. குறைந்தது பதினைந்து கட்டுரைகள் வேண்டும், ஒவ்வொன்றையும் குறைந்தது பதினைந்து முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். பெரிய லேப் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. செய்த பொருள் சரியானதுதானா என்று சோதிக்கவே இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் தேவுடு காத்துக் கிடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது மலை. பதினாலு வரை வந்துவிட்டார். பழைய கட்டுரை ஒன்றுக்கு இன்னும் ஒரே ஒரு மேற்கோள் விழ வேண்டியிருந்தது.

அதற்கு வழியா இல்லை? நீ என்னுடையதைப் போடு, நான் உன்னுடையதைப் போடுகிறேன் என்று டீ குடிக்கிற நேரத்தில் பேசி முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர் மசியவே மாட்டார். தன் புதுக் கட்டுரையில் தன் பழைய கட்டுரையைக் காட்ட நேர்ந்தால், அதைக்கூடத் தன் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுவார். துறையே அதைச் சொல்லிக் கிண்டல் செய்யும். என் கட்டுரை ஒன்றில் அந்தப் பழைய கட்டுரையை நுழைத்துவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"உனக்கு அது தேவைப்பட்டா போடு. எனக்காகப் போடாதே" என்றார்.

தேவைப்படவில்லை. அதனால் போடவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அவர் முக்கால்வாசி முடித்துவைத்திருந்த கட்டுரை ஒன்று இருந்தது. விலை உயர்ந்த உலோக வினையூக்கி எதுவும் இல்லாமல் இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் வழி. மிச்சமிருந்த சோதனைகளை நான் செய்தேன். எழுதியதும் நான்தான், ஆனால் வேதியியல் முழுக்க அவருடையது. அந்தப் பழைய கட்டுரையிலிருந்துதான் இந்த வினையே கிளம்பியது. அதைக் காட்டாமல் இதை எழுதவே முடியாது.

எங்கள் துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. சாவு விழுந்த அன்று ஆம்புலன்ஸிலிருந்து பூமாலை வரைக்கும் அவர்தான் பார்த்துக்கொண்டார். கட்டுரையைப் படித்துவிட்டு, தன் அறைக்குக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"மேடம், சார் பேரைக் கடைசியில நன்றின்னு போட்டுடலாம். நீங்க முதல் பேரா இருந்தா உங்க ப்ரமோஷனுக்கும் ஆச்சு. அதுவும் இல்லாம, சார் பேர் இருந்தா அது செல்ஃப் சைட்டேஷன், அவர் கணக்குல சேராது. எடுத்துட்டா வெளியாள் சைட்டேஷன். சார் ஆசைப்பட்ட பதினஞ்சு வந்துடும்."

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆடிப்போய்விட்டேன். நல்ல சட்டை ஒன்றுகூடக் கேட்காத மனுஷன் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். அதை என் கையால் கொடுக்கலாம் என்கிறார் தலைவர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பெயரைக் கொடுப்பதா, எண்ணைக் கொடுப்பதா? சமைக்கும்போதும் அதே நினைப்பு, வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அதே நினைப்பு. இப்படி என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டாரே என்று அவர்மேல்கூட ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் தலைவர் அறைக்குப் போனேன். என்ன முடிவு பண்ணீங்க மேடம் என்றார்.

"நான் வெளியாளா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ப்ரமோஷன் பேச்சை அதற்கப்புறம் இரண்டு பேருமே எடுக்கவில்லை.

என் கணவர் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டுக் கட்டுரையை அனுப்பினேன். அனுப்பியதும் அந்த ஆய்விதழிலிருந்து ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் வரும். இந்தக் கட்டுரையின் ஆசிரியர் நீங்கள்தானா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று இதழுக்கு ஒரு வரி எழுதினால் போதும், பெயர் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரியும். அந்த வரியைப் பிற்பாடு எழுதவும் எழுதினேன். ஆனால் அன்று காலை கை அதற்கு வரவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் அவருடைய மெயிலைத் திறந்து, ஆம் என்பதை அழுத்தினேன்.

அவர் பெயருக்கு நேராகப் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. உறுதிசெய்ததற்கு நன்றி, இன்னும் ஒரு ஆசிரியர் மட்டும் பாக்கி என்று வந்தது.

அது நான். ஹாலில் தனியாக உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். என் மெயிலைத் திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.