ஓடைக்கு அந்தப் பக்கம்

லாண்டரியில் எல்லாரும் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட. வாரம் முழுக்க ஆவி பறக்கும் பின்னறையில் நின்றபடியே ஓட்டல் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தேய்த்துத் தள்ளுவாள். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. வேறு யாராக இருந்தாலும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார்கள். இவள் மலைக்குக் கிளம்பிவிடுவாள். அதுவும் சும்மா இல்லை. செத்துப்போன புருஷனின் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்து, முன்மடிப்பு விறைப்பாக நிற்கும்படி தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் போவாள். காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், நான் பார்ப்பேன் என்பாள்.

பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே வனத்துறையின் தடுப்புக்கட்டை. அதைத் தாண்டினால் நெட்டை நெட்டையாக மரங்கள், காலடியில் மெத்தென்று சருகு, எங்கோ மேலே ஒரு துண்டு வெயில். நடு வழியில் ஓர் ஓடை குறுக்கே ஓடும். அங்கே உட்கார வசதியாக ஒரு தட்டைக் கல். ஓடையைத் தாண்டினால்தான் உண்மையான ஏற்றம். வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க ஏறினால் உச்சியில் மொட்டைப் பாறை. அங்கே நின்றால் மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை என்று போய்க்கொண்டே இருக்கும். லாண்டரிப் புகைபோக்கி விரல் நுனி அளவுக்குத் தெரியும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுவாள்.

போன மழையில் அந்த ஏற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. ஒரு வாரம் இடது கையால் தேய்த்து ஒப்பேற்றினாள். ஆனாலும் விஷயம் தம்பி காதுக்குப் போய்விட்டது. தம்பி பெயிண்ட் கடை வைத்திருப்பவன். அக்கா என்றால் உயிர், அதைவிடப் பெரிய உயிர் ஊர் என்ன சொல்லும் என்பது. இந்த வயதில் ஒரு பொம்பளை தனியாகக் காட்டில் திரிவதா என்று வீட்டுக்கு வந்து குதித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் நல்ல நேரமோ என்னவோ, அதே மாதம் தடுப்புக்கட்டையில் ஒரு பலகை மாட்டினார்கள். தனியாக வருவோருக்கு அனுமதி இல்லை.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? கட்டை அருகே நிற்பாள். ஏதாவது ஒரு கும்பல் வந்ததும் அதோடு ஒட்டிக்கொள்வாள். ஒரு வாரம் யாரோ ஒரு குடும்பத்துக்குச் சித்தி, அடுத்த வாரம் காலேஜ் பிள்ளைகளுக்கு அத்தை. வாட்ச்மேன் தலையை எண்ணிக் கட்டையைத் தூக்குவார். திருப்பம் தாண்டியதும் சித்தி உறவை முறித்துக்கொண்டு தன் வழியில் போவாள். இதுவும் தம்பி காதுக்குப் போனது. அவனுக்கு எத்தனை காதுகளோ தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு முன்னால் அவன் வந்து கட்டை அருகே நின்றுகொண்டிருந்தான்.

"இவங்க எங்க அக்காதான். தனியாத்தான் வர்றாங்க. இனிமே உள்ள விடாதீங்க" என்றான் வாட்ச்மேனிடம்.

"யாரு தனியா? அதான் தம்பி கூட வந்திருக்கானே" என்றாள் அவள்.

வாட்ச்மேன் எண்ணிப் பார்த்தார். இரண்டு தலை. கட்டை உயர்ந்தது. பின்னால் நின்ற கும்பல் சிரித்தது. அத்தனை பேர் முன்னால் நான் இவளோடு வரவில்லை என்று சொல்ல தம்பிக்கு வாய் வரவில்லை. கடைக்குப் போடும் தோல் ஷூவோடு, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

ஓடைக்கு வந்ததும் அந்தத் தட்டைக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். குதிகால் இரண்டும் உரிந்திருந்தன.

"போதும்க்கா, திரும்பலாம். இருட்டிடும்."

அவள் அப்படியே நின்றாள். நிஜமாகவே கோபம் வந்தது.

"உங்க மாமாவும் இதே கல்லுல உக்காந்து இதையேதான் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும். நல்ல மனுஷன்தான், நான் இல்லைங்கல. ஆனா அவர் போதும்னா எனக்கும் போதும்னு ஆயிடும். மேல என்ன இருக்குன்னு அவர் போனதுக்கு அப்புறம்தான்டா பார்த்தேன். அன்னிக்கு அங்க உக்காந்து அழுதேன். அவருக்காக இல்ல, எனக்காக."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ மேலே போனால் நான் கீழே போவேன், இனி எந்தக் கும்பலோடு வந்தாலும் உன்னை விடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்றான். சொன்னதைச் செய்கிறவன்தான். அவளுக்கும் அது தெரியும். பையிலிருந்து பாதி ரொட்டியையும் ஒரு முட்டையையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"போய்ச் சொல்லு" என்று ஓடையைத் தாண்டினாள்.

மொட்டைப் பாறையில் அன்று அவள் அவசரப்படவில்லை. இதுதான் கடைசித் தடவையோ என்ற நினைப்பு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு மலையாகக் கண் வலிக்கும்வரை பார்த்தாள். இறங்கி வந்தபோது கல்லில் ஆள் இல்லை, முட்டை ஓடு மட்டும் கிடந்தது. அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கட்டை அருகே வாட்ச்மேனின் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஷூவைக் கழற்றிவிட்டுக் கையில் டீயோடு. வாட்ச்மேன் முன்னால் வந்து, தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், விதி என்றால் விதிதான், இனிமேல் வராதீர்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"இவன் ஓடையிலேருந்து எப்படி வந்தான்?"

"நடந்துதாம்மா வந்தாரு."

"கூட யாரு வந்தா?"

வாட்ச்மேன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"காட்டுக்குள்ள என்னை விட்டுட்டுத் தனியாத்தானே இறங்கி வந்தான். அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுத்திருக்கீங்க."

தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். பேண்ட்டில் அதே மடிப்பு. கும்பல் எதற்கும் காத்திருக்காமல் நேராகக் கட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னிக்குக் கூட யாரும்மா?" என்றார் வாட்ச்மேன், பழக்கத்தில்.

"யாரும் இல்ல. நான்தான். தூக்குங்க."

அவர் பலகையைப் பார்த்தார், போன வாரம் தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். கட்டையைத் தூக்கினார்.