சோறு யார் போடுகிறார்கள் என்று கேட்டார்கள்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும்போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு காரைக்கால்மேட்டில் தகரக் கொட்டகையில் இருந்தோம். மகன் குடும்பம் ஒரு தடுப்பில்; அடுத்த தடுப்பில் நான் தனியாகப் பொங்கித் தின்றேன். வீடு கட்டித்தர ஆள் எண்ண வந்தவர், "தனியாத்தான் சமைக்கிறீங்களா?" என்றார். வெளி ஆளிடம் மகனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"எதுக்குங்க? எம் மருமவதான் சோறு போடுது" என்றேன்.

தனி அடுப்புக்குத் தனி வீடு என்பது பிறகுதான் தெரிந்தது. என்னை மகனோடு சேர்த்துவிட்டார்கள்.

ரெடிமேட் சுவர்களைக் கிரேனில் தூக்கி நிறுத்தி, சீக்கிரமே வீடு முடிந்தது. பாயோடு போனேன். மருமகள் வாசலை மறித்தாள்.

"சோறு போடுறேன்னுதானே சொன்னீங்க அத்தை? போடுறேன். படுக்க எடம் தரேன்னு எப்ப சொன்னேன்?"

மகன் சிரித்தான். "பின்னாடி வலை கெடக்குற சாய்ப்புல படுத்துக்கம்மா. காத்து நல்லா வரும்."

இப்போது அந்தச் சாய்ப்பில் மூன்று கல் வைத்து, காய்ச்சல் வந்தாலும் நானே உலை வைக்கிறேன். யார் கேட்டாலும் தனியாகத்தான் பொங்குகிறேன் என்கிறேன். விட்டுப்போனவர்களை மறுபடி எண்ண வருவார்கள் என்கிறார்கள். நிஜமா என்று விவரம் தெரிந்தவர்கள் விசாரித்து எழுதுங்கள்.