கத்தி விழுந்த பிறகு

அருமனை ஊருக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்னச் சபையில் சாட்சி சொல்வதில் தேவகனியை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு எழுந்தால், பின்னால் இருக்கும் பெண்கள், "ஏட்டி, அடுப்ப அணைச்சிட்டு வந்தியா? அக்கா தொடங்கியாச்சு" என்று ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்வார்கள். கேலி செய்தாலும், கண்ணைத் துடைக்காமல் ஒருத்தியும் வீட்டுக்குப் போனதில்லை.

சாட்சிக்கு ஒரு முறை உண்டு. கஷ்டத்தை முதலில் சொல்ல வேண்டும். எவ்வளவு நீட்டினாலும் குற்றமில்லை. ஆனால் உட்காருவதற்கு முன், கர்த்தர் எப்படிக் கைவிடாமல் நடத்தினார் என்று சொல்லி, ஸ்தோத்திரத்தில் முடித்தாக வேண்டும். ஒக்கிப் புயலில் ரப்பர் மரம் சாய்ந்து அடுக்களை நொறுங்கியதை அவள் அப்படித்தான் சொன்னாள். மூத்த பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்ததைக்கூட அப்படித்தான் சொல்லி முடித்தாள்.

அவள் புருஷன் யோவானுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. நாற்பது வருஷம். பட்டையை மட்டும் சீவி, மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுகிற கை என்று தோட்ட முதலாளிகள் தேடிவந்து கூப்பிட்ட கை அது. மறதி நோய் வந்த இந்த மூன்று வருஷமாக அந்தக் கைக்கு வேலை ஞாபகம் இருக்கிறது, அவருக்கு மற்ற எதுவும் இல்லை. முற்றத்துப் பலாமரத்தில் சாய்வாகக் கோடு கீறிப் பாலுக்குத் தேங்காய்ச் சிரட்டை கட்டினார். பிறகு வாசல் நிலையில் கீறினார். ஒரு நாள் தேவகனியைப் பார்த்து, "நீ ஆரு? உனக்க வீட்டுல தேட மாட்டாவளா?" என்று கேட்டார்.

மகள் ஜெஸ்பின் அயர்லாந்தில் நர்ஸ். அம்மாவின் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டு போவதைக் கேட்டு, சென்னையில் இருக்கும் அபிதா என்ற மனநல ஆலோசகருடன் ஆறு செவ்வாய்க்கிழமைகள் வீடியோவில் பேச ஏற்பாடு செய்தாள்.

"எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"பைத்தியத்துக்கு இல்லம்மா. மனசுல கெடக்குதத கொட்டுததுக்கு. சபையில ஒருத்தருக்கும் தெரியாது."

காலை பதினொரு மணிக்கு, யோவான் கஞ்சி குடித்துக் கண்ணயரும் நேரத்தில், தேவகனி அடுக்களையில் அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைப்பாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வாள். சாட்சி தொடங்கிவிடும். அவர் படுக்கையை நனைப்பது, துணி மாற்றப் போனால் கடிப்பது, வாசல் தாண்டி ரோட்டுக்கு இறங்கிவிடுவது, அவள் கண்மூடித் தூங்கி மாதங்கள் ஆனது எல்லாம் வரும். கடைசியில், "ஆனாலும் இம்மட்டும் நடத்தின தேவனுக்கு ஸ்தோத்திரம் மக்கா" என்று முடிப்பாள். அந்த முறை தெரியாத அபிதாவுக்கு, தேவகனி மனம் தேறிவிட்டாள் என்றே பட்டது. "உங்களுக்கு ரொம்பத் தைரியம்மா" என்பாள்.

நாலாவது செவ்வாய்க்கும் ஐந்தாவது செவ்வாய்க்கும் நடுவில்தான் அது நடந்தது.

அவள் ஒளித்து வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியை யோவான் எப்படியோ கண்டுபிடித்து, அடுக்களை நிலையைச் சீவிக்கொண்டு நின்றார். அவள் வாங்கப் போனாள். "கள்ளி! எனக்க கத்திய களவாண்டவ நீதானா?" என்று கத்தியோடு திரும்பினார். அடுப்படியில் கிடந்த ரப்பர் மர விறகு அவள் கையில் வந்தது. மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கத்தி விழுந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் அவளுக்கு இந்தப் பாடு இல்லை. கத்தி விழுந்த பிறகும் இரண்டு அடி அடித்தாள்.

வீங்கிய கையைப் பார்த்துச் சபைப் பெண்கள் கேட்டார்கள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்றாள். அதோடு போகவில்லை. வெள்ளிக்கிழமை அவளைச் சாட்சிக்கு எழுப்பினார்கள். எழுந்தாள், பழக்கம் நாக்கை இழுத்துக்கொண்டு போயிற்று. விழுந்தும் எலும்பு முறியாமல் காத்தவருக்கு ஸ்தோத்திரம் என்றாள். கூட்டம் முழுவதும் ஆமென் சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. பாவத்தை மறைத்துக்கொண்டு அந்த அப்பத்தில் கைவைக்கக் கூடாது. இருமல் வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஐந்தாம் செவ்வாய் அபிதாவிடமும் கட்டில் கதையையே சொன்னாள். முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. யோவானுக்குக் கஞ்சி ஊட்டும்போது தன் வலது கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்த விறகு அடுப்படியில் அப்படியே கிடந்தது; எரிக்க மனம் வரவில்லை, எறியவும் வரவில்லை. இதை ஒரு ஆளிடமாவது சொல்லாவிட்டால் இந்தக் கை இன்னொரு நாள் தானாக எழும், அன்றைக்கும் சபை ஆமென் சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆறாவது செவ்வாய் வந்தது.

"இன்னைக்குக் கடைசி நாள்மா," என்றாள் அபிதா. "நீங்க நல்லாவே சமாளிக்கிறீங்க. ஜெஸ்பின்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன். சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?"

தேவகனி வாயைத் திறந்தாள். "ஒண்ணும் இல்ல மக்கா. இம்மட்டும் நடத்தின..."

கதவு தள்ளித் திறந்தது. யோவான் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து போனுக்குள் குனிந்து பார்த்தார்.

"ஆரு இந்தப் பிள்ள? இந்தக் குட்டிப் பெட்டிக்குள்ள எப்பிடிக் கேறினா?"

அபிதா சிரித்துவிட்டாள். "வணக்கம் ஐயா. கை எப்படி இருக்கு?"

அவர் கையைத் திரைக்கு நேரே நீட்டினார். மணிக்கட்டு நீலம் பாரித்து உப்பியிருந்தது. "ஒருத்தி அடிச்சா மக்கா. விறகு வச்சி. மூணு அடி."

"யாருங்க ஐயா?"

"ஆருண்ணு தெரியாது. ரெம்ப மோசப்பட்டவ." பிறகு மறு கையைத் தேவகனியின் தோளில் வைத்தார். "இவ நல்ல பிள்ளையாக்கும். இவதான் எண்ண போட்டுத் தடவினா. அவ இனி வந்தா இவ விடமாட்டா."

தேவகனி போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா," என்றாள் அபிதா மெதுவாக. "இந்த நோய்ல, நடக்காததையும் நடந்த மாதிரி சொல்வாங்க."

தலையை ஆட்டினால் போதும். அதோடு எல்லாம் மூடிப்போகும்.

"நடந்ததுதான்," என்றாள் தேவகனி. "மூணு அடிதான். அடிச்சது நான்."

அபிதா திரைக்கு நெருங்கிக் குனிந்தாள்.

"அவரு கட்டில்ல இருந்து விழல்ல. மொத அடி கத்திக்கு. கத்தி கீழ விழுந்துட்டு. பெறவு அடிச்ச ரெண்டும் அவருக்கு. தெரிஞ்சுதான் அடிச்சேன். அடிக்கும்போ எனக்கு ஆசுவாசமா இருந்து மக்கா."

ஸ்தோத்திரம் வர வேண்டிய இடம் அது. அவள் வாய் திறந்தபடி நின்றது. ஒன்றும் வரவில்லை.

"அப்புறம்மா?"

"பெறவு ஒண்ணும் இல்ல. இனியும் அடிச்சிருவேன். எனக்குப் பயமா இருக்கு."

"கையை டாக்டர் பார்த்தாரா?"

"எப்பிடி ஆச்சுண்ணு கேப்பாவ. அதுனால போவல்ல."

"இன்னைக்கே போகணும்மா. கேட்டா இதையே சொல்லுங்க. ஜெஸ்பின்கிட்டயும் சொல்லியாகணும். ஐயாவைப் பார்த்துக்க இன்னொரு ஆள் வரணும், அதுக்கு நான் உதவி பண்றேன். இது கடைசி நாள் இல்ல. சாயங்காலம் மறுபடி கூப்பிடறேன். எடுப்பீங்களா?"

"எடுக்கேன்."

பக்கத்து வீட்டு எட்சன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். யோவானை ஏற்றி, அவள் அருகில் உட்கார்ந்தாள். ரப்பர் தோட்டத்து நடுவே ஆட்டோ திரும்பும்போது அவர் மரங்களை வாயசைத்து எண்ணிக்கொண்டு வந்தார். திடீரென்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாம போற எடத்துக்கு அந்தப் பொம்பள வருவாளா?"

தேவகனி முன்னால் ரோட்டையே பார்த்தாள்.

"வருவா," என்றாள்.

"அப்ப நீ என்ன விட்டுட்டுப் போவாத" என்று அவர் நல்ல கையால் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.