கேட்பதை விட்டுவிட்ட தெரு

எனக்கு உட்காரத் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். விடிந்ததும் என் கணவர் ஒன்றில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் துறுதுறுக்கும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னது நல்ல சாக்காகப் போயிற்று. போன மார்கழியில் நான் நடக்கவில்லை, ஓடினேன்.

மார்கழியில் எங்கள் தெருவில் ஓடுவதற்குப் பதில் கயிற்றின் மேலேயே நடந்துவிடலாம். ஆறு மணிக்கும் பனி விலகாது. எதிரே வரும் சைக்கிள், மணி அடித்த பிறகுதான் தெரியும். தண்ணீர் தெளித்த தரை வழுக்கும். பாதித் தெருவை அடைத்து வாசலுக்கு வாசல் கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. மிதித்தால் தொலைந்தேன். மீதிப் பாதியில், தறியில் ஏற்றப் போகும் பட்டு நூல் பாவு ஒன்றை நீளமாக இழுத்துக் கட்டி நாலு பேர் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "பாவு மேல வுழுந்து வைக்காதம்மா! நூல் அறுந்தா யாரு முடி போடறது?" என்று தினமும் கத்துவார்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவில் விடியற்காலையில் ஒரு பொம்பளை ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். கோலமாவுக் கையோடு ஒவ்வொருத்தியும் நிமிர்வாள்.

"என்னாச்சுமா? எதுக்கு ஓடிக்கினு இருக்க?"

ஒருத்தி செம்பில் தண்ணீரே கொண்டுவந்துவிட்டாள். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் நடுத்தெருவில் நின்று வெடித்தேன். "யாருக்கும் ஒண்ணும் ஆவல! ஒடம்புக்காக ஓடறேன். இனிமே யாரும் என்னாச்சுன்னு கேக்காதீங்க!"

விட்டுவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, தறிக்குழியில் காலை இறக்கப் போன கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மகள் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அது வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. தெருக்கோடி ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. ஓடினேன்.

வெறுங்காலோடு, கோலங்களின் மேலேயே ஓடினேன்.

"கோலம்மா, கோலம்! கண்ணு தெரியல?" என்றாள் ஒருத்தி.

"இன்னிக்கு செம ஸ்பீடு" என்று சிரித்தாள், அன்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள்.

கத்திச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் கால் நின்றுவிடும் என்று பயம்.

பாவுக்காரப் பெரியவர் மட்டும் அன்றைக்குக் கத்தவில்லை. என் காலைப் பார்த்தார்.

"என்னாச்சுமா?"

"அவருக்கு நெஞ்சு வலி... ஆட்டோ..."

பிடித்திருந்த பாவைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். "நீ வூட்டுக்குப் போ. நான் அவன எழுப்பி இட்டாரேன்" என்று பனிக்குள் ஓடினார். அந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

கணவர் பிழைத்துக்கொண்டார். இப்போது டாக்டர் சொற்படி, மணிக்கு ஒரு தடவை தறியிலிருந்து முனகிக்கொண்டே எழுந்து நடக்கிறார்.

இந்த மார்கழியில் நான் மறுபடி ஓட இறங்கினேன். முதல் நாள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் போட்ட தடை அப்படி. செம்புக்காரி வாசலில் நானே நின்றேன்.

"என்னாச்சுன்னு கேளுக்கா" என்றேன்.

அவள் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என்னாச்சுமா?"

"ஒண்ணும் ஆவல. எல்லாரும் நல்லா இருக்கோம்."

அடுத்த வாசலுக்கு ஓடினேன்.