பத்துப் பேருக்கு ஒரு மேசை

அம்மா வால்வை உதட்டில் வைத்து ஊதினாள். காற்று மறுபக்கம் சீறியது. "ஓட்டை" என்று சொல்லி என் பக்கம் தள்ளினாள். நான் அதைத் திறந்து, உள்ளே இரண்டு ரப்பர் வளையங்களும் இருக்கின்றனவா என்று பல்குச்சியால் தொட்டுப் பார்த்து, தாளில் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். தைச்சுங் நகரத்தில் இருந்து எங்களிடம் சரக்கு வாங்குபவர் திருப்பி அனுப்பிய பெட்டி. முப்பத்தொரு வால்வுகள். அதுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. தெரிந்திருந்தால் மெதுவாகச் செய்திருப்பேன்.

குழாயைத் திறந்து மூடும் வால்வு அது. விரல் நீளம், பித்தளை. எங்கள் ஊர் லூகாங்கைச் சுற்றி வீட்டுக்கு வீடு குழாய்ச் சாமான் வேலைதான். ஷின்ச்சுவில் ஒரு சிப் தொழிற்சாலையில் நான் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். அம்மாவுக்குக் காற்றழுத்தம் சோதிக்கும் கருவி ஒன்று செய்து கொடுத்திருந்தேன். அதை மேசையின் கோடியில் வைத்து, "பொண்ணு" என்று பெயரும் வைத்தாள். ஆனால் வால்வை முதலில் தன் உதட்டில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் கருவியில் மாட்டுவாள். "பொண்ணு சரியாச் சொல்லுதான்னு நான் பாக்க வேணாமா?" என்பாள். முப்பது வருடமாக ஊதியதில் அவளுக்கு எந்தத் தேநீரும் ஒரே ருசிதான். விலை உயர்ந்த மலைத் தேயிலை வாங்கிப் போனால், இதுவும் பித்தளை மாதிரிதான் இருக்கிறது, கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்பாள்.

அம்மாவின் பெயர் ஷியூ-யுன். பட்டறையில் முதலாளியம்மா. அதற்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பெரிய தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். நான் தொடக்கப் பள்ளியில் இருந்தபோது அந்தத் தொழிற்சாலை கடல் தாண்டிச் சீனாவுக்குப் போய்விட்டது. வேலை போகிறவர்களின் பெயரை வாசிக்கும் வேலையை அம்மாவிடம் கொடுத்தார்கள். எங்கள் சந்தில் இருந்து மட்டும் பதினொரு பெண்கள். பத்தாவதாக வாசித்த பெயர் ஆ-லான். பதினொன்றாவது அம்மாவின் சொந்தப் பெயர். அடுத்த வாரம், மூடிப்போன தையல் கடையில் இருந்து துணி வெட்டும் நீள மேசை ஒன்றை வாங்கி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் போட்டாள். சோபா வாசலுக்குப் போயிற்று. அந்தப் பத்துப் பேரும் மேசைக்கு வந்தார்கள். அதற்கப்புறம் வேறு யாரையும் சேர்க்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

பெரிய தொழிற்சாலைகள் சீண்டாத வேலையாகப் பார்த்து எடுத்தாள். பழைய மாடல் குழாய்களுக்கு உதிரி வால்வு. ஒரு மாடலில் ஐந்நூறு, இன்னொன்றில் எண்ணூறு. அளவு சிறிதாக இருப்பதால் விலையை அவள் சொன்னாள். ஒரு காசு குறைக்க மாட்டாள். பேரம் பேச வந்தவர்களுக்கு அவளே தேநீர் ஊற்றிக் கொடுத்து, வேறு பட்டறைகளின் முகவரியையும் எழுதிக் கொடுப்பாள். பெரும்பாலும் அந்தத் தாளோடு திரும்பி வந்து அவளிடமே வாங்குவார்கள். "இங்க என்ன கோயில் அன்னதானமா நடக்குது? லாபம் இல்லைன்னா அடுத்த மாசம் இந்த மேசைல யாரு உக்காருவா?" என்று பத்துப் பேர் காதிலும் விழும்படிச் சொல்வாள். பள்ளிக்கூடப் பேருந்து வரும் நேரத்தைப் பார்த்து நான்கு மணிக்கு வேலையை நிறுத்தினாள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தைப்பே போய், அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. நான்கு மணி அப்படியே இருக்கிறது.

ஒருமுறை பெரிய ஆர்டர் வந்தது. ஆறு மாத வேலை, இன்னும் ஆறு பேர் வேண்டும். நான் அப்போது கல்லூரியில். அம்மா வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. வளர வேண்டாமா என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "ஆறு மாசத்துக்கு ஆறு பேரைக் கூப்பிடுவேன். ஏழாம் மாசம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க வீட்டு வழியா சந்தைக்குப் போறது?"

மதியச் சாப்பாடு அவள் சமையல். சோறு, சோயாவில் வேகவைத்த பன்றி இறைச்சி, சக்கரைவள்ளிக் கீரை, மீன் உருண்டை சூப். முதலில் தான் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு, எழுந்து வெளியே போய்விடுவாள். மெதுவாகச் சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். "நான் அங்கயே உக்காந்திருந்தா என்னைப் பத்தி அவங்க எப்படிப் பேசுவாங்க?" என்றாள். உண்மையாகவே மிச்சம் இருக்கும் இருபத்தைந்து நிமிடமும் தெருக்கோடிக் கோயில் வரை நடந்துவிட்டு வருவாள். திரும்பும்போது தூரத்தில் இருந்தே இருமுவாள்.

எங்கள் ஊரில் முதலாளிகள் ஆண்டுக் கடைசியில் வேலையாட்களுக்கு விருந்து வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் மேசை நடுவில் முழுக்கோழி வரும். கோழியின் தலை யாரைப் பார்த்து இருக்கிறதோ, அவர் புத்தாண்டுக்குப் பிறகு வேலைக்கு வர வேண்டியதில்லை. வாயால் சொல்லாமல் சொல்லும் வழி. இப்போதெல்லாம் உணவகங்களில் தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். அம்மா மட்டும் தலையைக் கேட்டு வாங்குவாள். உலகமெங்கும் வியாபாரம் படுத்த வருடம் எங்கள் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அந்த விருந்தில் கோழி வந்ததும் பத்து ஜோடி சாப்பாட்டுக் குச்சிகளும் அப்படியே நின்றன. அம்மா தட்டைச் சுற்றினாள். தலை ஒவ்வொருவர் முன்னாலும் நகர்ந்து போய்க் கடைசியில் அவளிடம் வந்து நின்றது. அவள் அதைக் கழுத்தோடு எடுத்துக் கடித்தாள்.

"போச்சு. என்னை நானே அனுப்பிட்டேன். காலைல எட்டு மணிக்கு வேலை கேட்டு வர்றேன். சேத்துக்குவீங்களா?"

எதிரே ஆ-லான் சித்தி முகத்தில் அசைவே இல்லை. "முன் அனுபவம் இருக்கா?" என்றாள்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருடம் முழுக்க அம்மா தனக்குச் சம்பளம் எடுக்கவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முப்பத்தொரு வால்விலும் ஒரே குறை. உள்ளே இருக்க வேண்டிய சின்ன வளையம் இல்லை. அது இல்லாவிட்டாலும் புது வால்வு சில வாரம் தண்ணீரைப் பிடிக்கும். பிறகுதான் சொட்டும். அதனால் பட்டறையில் இருந்து போகும்போது அம்மாவின் உதட்டுக்கும் தெரியவில்லை, என் கருவிக்கும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வால்விலும் அதைக் கோத்தவருக்கு உரிய நிறத்தில் ஒரு புள்ளி உண்டு. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்றில் இருபத்தெட்டு, பச்சைப் புள்ளி. பச்சை ஆ-லான் சித்தியுடையது.

கறுப்புக் குழிக்குள் கறுப்பு வளையம். அறுபத்திரண்டு வயதுக் கண். விளக்கம் தேவைப்படவில்லை. இன்னொரு பெட்டி திரும்பி வந்தால் ஆர்டரை நிறுத்திவிடுவேன் என்று வாங்குபவர் காவ் சொல்லியிருந்தார். பட்டறையின் பாதி வேலை அவருடையது. மேசைக்கு மேலே கேமரா வைக்கலாம் என்றேன். கேமரா யாரைப் பிடித்தது என்று பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும் என்று அம்மா மறுத்துவிட்டாள். அப்படியானால் ஒருவருக்காக ஒன்பது பேரையும் பணயம் வைக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அம்மா அடுத்த வால்வை ஊதிவிட்டுச் சொன்னாள். "ஒருத்திய அனுப்பினா மிச்சம் ஒம்பது பேரும் நம்ம முறை எப்பன்னு யோசிச்சிக்கிட்டே வேலை செய்வாங்க. அந்தக் கை வளையத்தைப் போடாது."

"சரி, அவங்ககிட்ட நேரா சொல்லேன். கண்ணு தெரியலைன்னு."

"சொன்னா நாளைக்கு வரமாட்டா. மத்தவங்க சோத்துல நம்மால மண்ணு விழக் கூடாதுன்னு அவளே நின்னுடுவா. அவளை உனக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்து, "நீ தாளை மடிச்சு உள்ள வை. டீ ஆறுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மருத்துவமனை பதினேழு நிமிடம். ஷின்ச்சுவில் இருந்து எனக்கு நூறு நிமிடம். எண்கள் இவ்வளவுதான்.

இறந்தவர்களுக்காக எரிக்கத் தங்கத் தாளில் தாமரை மடிப்பது எங்கள் வழக்கம். பத்துப் பேரும் அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடித்தார்கள். வேலை நேரத்தில் மடித்தால் முதலாளியம்மா திட்டுவாள் என்று நான்கு மணிக்குப் பிறகு மடித்தார்கள். ஆ-லான் சித்தி கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, நகத்தால் தடவித் தடவி மடித்தாள். இதழ்கள் கோணலாக வந்தன. பக்கத்தில் இருந்தவள் பேசிக்கொண்டே அதை எடுத்து, இதழை நேராக்கி, குவியலில் போட்டாள். அதற்கு அடுத்தவளும் அப்படியே. எவ்வளவு நாளாக இப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. வால்விலும் கொஞ்சத்தை இப்படியே சரிசெய்திருப்பார்கள். மிஞ்சியதுதான் திரும்பி வந்திருக்கிறது.

மூன்று வாரம் விடுப்பு எடுத்துப் பட்டறையை நான் திறந்தேன். எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது ஒவ்வொரு நாளும் கை ஒரு நொடி நின்றது. மதியம் சமைத்தேன், உப்பு கூடிப்போனதை எல்லாரும் அமைதியாகச் சாப்பிட்டார்கள். நானும் ஐந்து நிமிடத்தில் எழுந்து கோயில் வரை நடந்தேன். வால்வை உதட்டில் வைத்து ஊதினேன். பித்தளையின் ருசி நாக்கில் ஏறியது. அவள் ருசித்தது இதைத்தான் என்று தெரிந்ததும், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன்.

பச்சைப் புள்ளி வால்வுகளை ஒவ்வொன்றாக நானே திறந்து பார்த்தேன். ஒன்றாம் தேதி ஷின்ச்சுவுக்குத் திரும்ப வேண்டும். மாதக் கடைசியில் காவுக்குச் சரக்கு போக வேண்டும். ஆண்டு விருந்துக்கு இன்னும் பத்து நாள். கோழியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கண்ணைப் பற்றி ஆ-லான் சித்தியிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். மூன்று வரி. இரண்டு முறை திருத்தினேன். பொறியாளர் எழுதும் அறிக்கை மாதிரியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் போனேன்.

அப்போது அம்மாவின் கைபேசி அடித்தது. கண் மருத்துவரின் கிளினிக்கில் இருந்து ஒரு தாதி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமைக்கு இரண்டு பேருக்கு நேரம் வாங்கியிருந்தார்கள், யாரும் வரவில்லை, பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அம்மா போய்விட்டாள் என்று சொன்னேன்.

பிறகு தாதி சொன்னாள். "போன்ல என்னை அப்படிச் சிரிக்க வச்சாங்க. எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா, ஆனா என்னை முதல்ல பாருங்கன்னாங்க. கூட ஒருத்தி துணைக்கு வருவா, நான் பயந்து நடுங்கற மாதிரி நடிப்பேன், நீங்க யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னாங்க. என்னைப் பாத்து முடிச்சதும், வந்தது வந்தீங்க, நீங்களும் ஒரு தடவை பாத்துக்குங்கன்னு அவகிட்ட நான் சொல்லணுமாம்."

இரண்டாவது பெயர் என்ன என்று கேட்கவில்லை. இன்றைக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். பத்தரைக்கு வரச் சொன்னாள். இரண்டாவது பெயர் இருக்கட்டும், முதல் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று என் பெயரைச் சொன்னேன்.

ஆ-லான் சித்தி மேசையின் அந்தக் கோடியில், ஜன்னலுக்கு மிக அருகில், வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"சித்தி, ரெண்டு நாளா கண்ணு உறுத்துது. டாக்டர்கிட்ட தனியாப் போக பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

அவள் நிமிரவில்லை. ஒரு வளையத்தைக் குழிக்குள் தள்ளி, நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"உங்கம்மாவும் இதையேதான் சொன்னா" என்றாள். "அவளுக்கும் பொய் சொல்ல வராது."

வால்வைத் தட்டில் வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஏப்ரனின் பைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள், கிளினிக்கில் காட்ட வேண்டிய அவளுடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. உறையின் ஓரங்களில் ரப்பர்த் தூள் கறுப்பாகப் படிந்திருந்தது. அதைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.