ஸ்பிரிங்கில் ஊற்றிய கள்

மல்சூன் கோபக்காரி. கோபம் வராமல் எப்படி இருக்கும்? கொரியாவின் தோங்யோங் துறையில் இருபது வருஷமாகப் புருஷனோடு வாளை மீன் படகில் போகிறாள். புருஷன் குவாங்பில்லுக்கு டீசல் வாடை பட்டாலே குமட்டும். எஞ்சினைப் பார்த்துக்கொள்வது முழுக்க அவள்தான். கரையிலோ, "குவாங்பில் எஞ்சினை எப்படி வெச்சிருக்கான் பாரு!" என்று அவன் முதுகில்தான் தட்டுவார்கள். அவனும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொள்வான்.

அந்த வருஷப் புத்தாண்டுப் படகுப் பூசையன்று அவள் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி வால்வுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். படையலில் வைத்த பன்றித் தலையை விழுந்து வணங்கிவிட்டு, படகின் முன்முனையான அணியத்தில் ஊற்ற வேண்டிய அரிசிக் கள்ளோடு குவாங்பில் வந்தான்.

"எஞ்சினும் ஒரு வாய் குடிக்கட்டுமே!" மேலே நின்றபடியே கிண்ணத்தைக் கவிழ்த்தான். கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? புளிச்ச கள்ளு, இரும்பைத் தின்னுடும்!"

"கடல் ராஜாவுக்குக் கொடுத்ததைக் குறை சொல்லாதடி."

துடைத்தாள். வால்வு ஸ்பிரிங்கின் சுருளுக்குள் துணி எட்டவில்லை. அப்புறம் குளிர்காற்று ஓயும்வரை படகு சும்மா கிடந்தது.

வால்வைத் திறக்க எஞ்சின் தள்ளும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை அமுங்கி எழும் கம்பி அது. துரு கடித்த ஒரு புள்ளி போதும், அங்கேதான் முறியும். முறிந்தது. அதுவும் பாறைத்தீவுப் பக்கம், அலை படகைப் பாறையை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தபோது.

டக்கென்ற சத்தம் கேட்டதுமே எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்தாள். ஸ்பிரிங் இரண்டு துண்டு. வால்வு உள்ளே விழுந்தால் பிஸ்டன் அதை நசுக்கும், எஞ்சின் தொலையும், படகு பாறையில் சிதறும்.

"கடல் ராஜாவே!" என்று மேலே அலறினான் குவாங்பில்.

"யோவ்! ராஜாவைக் கூப்பிட்டது போதும். இறங்கி டார்ச்சைப் பிடி!"

பிடித்தான், பிடித்துக்கொண்டே வாந்தி எடுத்தான். அவள் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தாள், வால்வு விழ இடமில்லாதபடி. ஸ்பிரிங் துண்டுகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்று திருகி இறங்கிவிடாமல், முறிந்த முனைகள் வெளியே போக, தட்டையான முனைகள் நடுவில் ஒன்றையொன்று முட்டும்படி திருப்பி மாட்டினாள். எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. மெல்ல மெல்லப் பாறை பின்னால் போனது.

வயர்லெஸ்ஸில் துறைத் தலைவர் கூப்பிட்டார். "என்னப்பா, தத்தளிச்சியாமே?"

வாயைத் துடைத்துக்கொண்டு குவாங்பில் சொன்னான்: "ஸ்பிரிங் போச்சு, அண்ணே. நானே சரி பண்ணிட்டேன்."

மல்சூனுக்கு உச்சந்தலை கொதித்தது. எஞ்சினை நிறுத்தினாள். ஸ்பேனரை அவன் மடியில் போட்டாள்.

"நீங்கதானே சரி பண்ணீங்க? கிளப்புங்க."

"ஏய், விளையாடாத. மறுபடி இழுக்குதுடி!"

"இழுக்கட்டும்." மீன்பெட்டிமேல் உட்கார்ந்து, கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலத்தைப் பிரித்து, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயோடு தின்னத் தொடங்கினாள்.

அவன் பாறையைப் பார்த்தான், ஸ்பேனரைப் பார்த்தான், கடைசியில் மைக்கை எடுத்தான். "அண்ணே... சரி பண்ணது நானில்ல. மல்சூன்."

"மல்சூனா? யாருப்பா அது?"

இருபது வருஷமாக அந்த ஆளின் கண்ணெதிரே மீன் இறக்கியவள் அவள். மைக்கைப் பிடுங்கினாள்.

"நான்தான்யா. என் பேரை ஒருதரம் உன் வாயால சொல்லு. அப்புறம் எஞ்சினைக் கிளப்புறேன்."