எக்ஸ்ரே அறைப் பதிவேட்டில் ஒரு கிரஷர்

1. மூச்சுப் பிடிக்காதவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீரனூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் திட்டு வாங்காத நோயாளி அந்த வட்டாரத்தில் குறைவு.

மாரிமுத்து வந்ததும் அப்படித் திட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான். கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரில் வேலை. நாற்பது வயதுகூட இருக்காது. நெஞ்சுக்குப் படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். அவரால் நிற்க முடியவில்லை, படம் கலங்கிவிட்டது. இரண்டாவது படமும் கலங்கியது. அப்போது பிலிம் தட்டுப்பாடு வேறு.

“ரெண்டு செகண்ட் புடிக்க முடியாதா? எத்தனை பிலிமைத்தான் நான் வேஸ்ட் பண்றது?” என்றேன்.

“புடிக்க முடிஞ்சா நான் எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு வாரேன்?” என்றார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

வாசலில் நின்ற அவர் மனைவி பாக்கியம் உள்ளே எட்டிப் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்கம்மா. டி.பி.ன்னு சொல்லி ரெண்டு வாட்டி முழுசா மருந்து சாப்பிட்டாச்சு. சளியில கிருமி இல்லைங்கிறாங்க, இருமல் மட்டும் போகல. ஒட்டிக்கிரும்னு பயந்து எம் மகளைப் பொன்னமராவதியில எங்க அக்கா வீட்டுல விட்டிருக்கோம். ரெண்டு வருசமாச்சு. டி.பி. இல்லைன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா இன்னைக்கே போயி கூட்டிக்கிட்டு வந்துருவேன்.”

நான் மூன்றாவது பிலிமை எடுத்து மாட்டினேன். எனக்கு என் கவலை.

2. சிவப்பு மை

கிரஷர் ஆட்கள் வந்து நின்றால் தலைமுடியிலிருந்தும் உடம்பிலிருந்தும் வெள்ளைத் தூசி உதிரும். பிலிம் வைக்கும் கேசட்டைத் திறக்கும்போது அது உள்ளே போய் ஒட்டிக்கொண்டு, படத்தில் புள்ளி புள்ளியாக விழும். “புள்ளி நுரையீரல்ல இருக்கா, ஒங்க கேசட்ல இருக்கா?” என்று டாக்டர்கள் என்னைத்தான் கேட்பார்கள். எங்கே மெமோ வந்துவிடுமோ என்று பயந்து ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்தக் கிரஷர் என்று அதட்டிக் கேட்பேன். பதிவேட்டில் நோயாளியின் பெயருக்கு எதிரே அந்தக் கிரஷரின் பெயரை எழுதி, ‘தூசி, கேசட் துடைக்கப்பட்டது’ என்று சிவப்பு மையில் குறித்துவிடுவேன். நோயாளிகளின் நலனுக்காக எழுதினேன் என்று இப்போது கதை விட மாட்டேன். என் தலை தப்பவே எழுதினேன்.

அடுத்த மாதம் ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்து சேர்ந்தார். மாரிமுத்துவின் பழைய படங்களையும் கொண்டுவரச் சொல்லி, விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டினார். வெகு நேரம் பார்த்துவிட்டு, “இவர் என்ன வேலை பாக்குறார்?” என்றார். ஓ.பி. சீட்டில் ‘கூலி’ என்றிருந்தது. எங்கள் சீட்டுகளில் நாற்று நடுகிறவரும் கூலிதான், கல் உடைக்கிறவரும் கூலிதான். அவர் கிரஷரில் வேலை பார்ப்பதாக நான்தான் சொன்னேன்.

“அப்ப ஒங்க கேசட் சுத்தமாத்தான் இருக்கு மேடம். தூசி அவர் நெஞ்சுக்குள்ள இருக்கு” என்றார்.

சிலிகோசிஸ். கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். குணமாகாது. ஆனால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. டாக்டர் மேல்சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார். அங்கே மருத்துவக் குழு, கிரஷரில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் சிலிகோசிஸ் என்று சான்றிதழ் என்றது. அந்தத் தாள் கைக்கு வரும்வரை மகளும் பொன்னமராவதியிலேயே இருந்தாள். பாக்கியம் கிரஷர் மேனேஜரிடம் போய் நின்றார்.

“அப்படி ஒரு ஆளே எங்க வேலையாள் மஸ்டர்ல இல்லம்மா. டி.பி. வந்தா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?” என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

3. பாக்கியம் கேட்ட நோட்டு

அங்கிருந்து பாக்கியம் நேராக என்னிடம் வந்தார். “அன்னைக்கு அதட்டிக் கேட்டு, செவப்புல கம்பெனி பேரு எழுதுனீங்களேம்மா. அந்த நோட்டு இருக்குங்களா?”

எனக்கே மறந்துபோயிருந்தது. பழைய பதிவேடுகள் கிடந்த அறையில் இரண்டு நாள் தும்மிக்கொண்டே தேடினேன். மாரிமுத்து பெயர் நான்கு இடங்களில் இருந்தது, நான்கிலும் அதே கிரஷர். அதே கிரஷரைச் சொன்ன வேறு பதினோரு பேரும் கிடைத்தார்கள். அதில் சிலருக்கும் டி.பி. மருந்துதான் போயிருந்தது. இத்தனை வருடம் என் கையாலேயே எழுதிவிட்டு, ஒரு நாளாவது சேர்த்துப் படித்துப் பார்த்தேனா?

தலைமை மருத்துவர் கையெழுத்திட்ட நகலோடு, பாக்கியம் கொடுத்த மனுவுக்காகப் புதுக்கோட்டையில் தொழிலாளர் துறை விசாரணைக்குப் போனோம். “இது எக்ஸ்ரே ரூம் நோட்டு சார். இதெல்லாம் ஒரு ரெக்கார்டா?” என்றார் மேனேஜர்.

“ஒங்க தூசியைத்தான் சார் நான் வருசக்கணக்கா துடைச்சேன். நான் எழுதாம வேற யாரு எழுதுவா?” என்றேன். நீளமான வாய் ஒரு முறையாவது உதவியதே என்று இருந்தது.

ஒரு வருடம் அலைந்த பிறகு சான்றிதழ் வந்தது. பன்னிரண்டு பேருக்கும் சிகிச்சை கம்பெனி பொறுப்பு, கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதிகாரி வருகிற அன்றுதான் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது என்பது பாக்கியத்தின் புகார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன வேலை, எங்கே, எத்தனை வருடம் என்று கேட்டு எழுதுங்கள். அதட்டாமல் கேளுங்கள். எழுதியதை அவ்வப்போது திருப்பிப் படியுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்த டாக்டரும், என் திட்டைக்கூட நினைவில் வைத்துப் பயன்படுத்திக்கொண்ட பாக்கியமும்தான். இரண்டு பேருக்கும் நான் கடமைப்பட்டவள்.

சான்றிதழ் வந்த மறுவாரம் மாரிமுத்து பரிசோதனைக்கு வந்தார். கூடவே மகளும் வந்திருந்தாள், அவர் கையைப் பிடித்தபடி.

“படம் எடுக்கணும் கண்ணு. கொஞ்ச நேரம் வெளிய இரு” என்றேன்.

“மூணு வருசமா வெளியதான இருந்தேன்” என்றாள் அவள்.

அவளை என்னோடு, கதிர் படாத ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். தடுப்பின் கண்ணாடி வழியாக அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.